முன் ஆக்ஸிலுக்கு வந்த பல்

என் வீட்டுக்காரரை ஊரில் கிரவுன்காரர் என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு யாரும் அவர் தலையில் கிரீடத்தைத் தேட வேண்டாம். ஜீப் ஆக்ஸிலின் நடுவே ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கும். அதற்குப் பெயர் கிரவுன். அதைச் சுற்றிவிடுகிற சின்னப் பல்லுக்குப் பெயர் பினியன். இந்த ஜோடியைக் கழற்றி வேறு ஜோடி கட்டுவதில் இவரை விட்டால் ஆளில்லை என்று சுற்றுவட்டாரத்து ஜீப்காரர்கள் எல்லாரும் நம்புகிறார்கள். நம்பிவிட்டுப் போகட்டும். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இந்த மனுஷன் ஒரு கிரவுன்கூடக் கட்டியதில்லை. கட்டுவது நான்.

எனக்கு அந்த வேலை என் அண்ணனிடமிருந்து வந்தது. அவன் லாரி ஆக்ஸில் பட்டறை வைத்திருந்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேராக அங்கேதான் போவேன். கல்யாணம் முடிந்த கையோடு அண்ணன் வெளிநாட்டுக்குக் கிளம்பினான். போகும்போது சாமான்களையெல்லாம் எங்களுக்கே கொடுத்துவிட்டான். அதுவரை இவர் மெத்தை விற்றிருக்கிறார், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்திருக்கிறார், ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுத்திருக்கிறார். எல்லா இடத்திலும் முதலாளிக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தவர். ஸ்பேனர் பெட்டி வீட்டுக்குள் வந்த மூன்றாம் நாள் பெயர்ப் பலகை எழுதியாகிவிட்டது. பலகையில் இவர் படம், மார்புக்குக் குறுக்கே கை கட்டிக்கொண்டு.

பட்டறையின் பின்பாதியில் ஒரு தகரத் தடுப்பு உண்டு. நான் வேலை செய்வது அதற்குப் பின்னால். பொம்பளை கட்டிய கிரவுன் என்று தெரிந்தால் ஒருத்தனும் வண்டியை விடமாட்டான் என்று முதல் வாரமே சொல்லிவிட்டார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. முன்பக்கம் வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லையே. அவர்களும் இவருக்குச் சளைத்தவர்கள் இல்லை.

ஜீப்புக்குப் பெரிய டயர் போடுவது இப்போது ஒரு பைத்தியம். பார்க்க மிரட்டலாக இருக்கும், வண்டியின் வயிறும் தரையிலிருந்து நன்றாக உயரும். ஆனால் டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு அது கடக்கிற தூரமும் கூடும். எஞ்சின் அதே எஞ்சின்தான், பாவம், மூச்சு வாங்கும். மேட்டில் திணறும், கிளட்ச் கருகும் வாடை வரும். முன்பு எஞ்சின் பக்கமிருந்து வருகிற நீளத் தண்டு மூன்றே முக்கால் சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய டயருக்கு அந்த மூன்றே முக்காலை நாலரை ஆக்க வேண்டும். அப்போதுதான் பழைய இழுவை திரும்ப வரும். அதற்குத்தான் பல் மாற்றுவது. பின் ஆக்ஸிலுக்கு எந்தக் கணக்கோ அதே கணக்குதான் முன் ஆக்ஸிலுக்கும். பின்னால் நாலரையும் முன்னால் மூன்றே முக்காலும் இருக்கிற வண்டியில், முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற முன் கியரைப் போட்டால் முன் சக்கரம் ஒரு வேகத்துக்கு இழுக்கும், பின் சக்கரம் இன்னொரு வேகத்துக்கு இழுக்கும். சறுக்கலில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. கெட்டித் தரையில் நடுவிலுள்ள கியர் பெட்டி இறுகி, உடைந்தே போகும்.

இது இந்த வேலையின் அரிச்சுவடி. கிரவுன்காரருக்கு இதை நான் நாலு தடவை விளக்கியிருக்கிறேன். ஐந்தாவது தடவை விளக்கவில்லை.

ஜீப் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அதன் தலைவரைத் தலைவர் என்றே சொல்கிறேன், அவருக்கும் அப்படிக் கூப்பிட்டால்தான் பிடிக்கும். அவருடைய ஜீப் சேற்றைக் கண்ணால் பார்த்ததில்லை. ஊர்வலத்துக்கு முன்னால் வாளியில் செம்மண்ணைக் கரைத்துக் கதவில் தெளித்துக்கொள்வார். ஊர்வலம் முடிந்ததும் எங்களிடம் கழுவ விடுவார். பெரிய டயர் போட்டு, முன்னும் பின்னும் பல் மாற்றி நான் கட்டிக் கொடுத்த வண்டி அது. போன கோடையில் பத்துப் பேர் பார்க்க வேண்டும் என்று காய்ந்த தார் ரோட்டில் முன் கியரைப் போட்டு வட்டமடித்துக் காட்டி, முன் ஆக்ஸிலின் பல்லை உடைத்துக்கொண்டு வந்து நின்றார். முன்னும் பின்னும் பல் ஒத்திருந்தாலும் காய்ந்த ரோட்டில் முன் கியரோடு வளைத்தால் அப்படித்தான் இறுகும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாகனக் கண்காட்சி. சாய்வு மேடையில் வண்டியை ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டுமாம். வண்டி ஓடாவிட்டால் மானம் போய்விடுமாம்.

அதே வாரம் பட்டறையில் இன்னொரு ஜீப்பும் நின்றிருந்தது. அதே மாடல், அதே வருஷம். அது கண்ணாடிக்காரருடையது.

கண்ணாடிக்காரர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஒல்லியான ஆள். பெஞ்சில் உட்காரும் முன் கைக்குட்டையால் ஒருமுறை தட்டிவிட்டு உட்காருவார். இவரைப் பார்த்தால் ஜீப் ஓட்டுகிற மூஞ்சியா இது என்று என் வீட்டுக்காரர் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து சிரித்தார். ஆனால் அந்த மனிதருக்கு ஜீப் வேடிக்கைக்கு இல்லை. அவருடைய அக்கா குன்றின் மேல் நாற்பது ஆடுகளோடு தனியாக இருக்கிறாள். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் இரண்டு நாள் கீழே ஆஸ்பத்திரிக்கு வந்து, மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். வெயில் காலத்தில் எந்த வண்டியும் மேலே போகும். மழை வந்தால் அந்தப் பாதை களிமண். சக்கரத் தடம் முழங்கால் ஆழத்துக்குப் போய்விடும். போன மழையில் நாலு ஆள் பிடித்துக் கட்டிலோடு தூக்கி இறக்கினார்களாம். அதனால்தான் கடையில் பாதியை விற்று இந்த ஜீப்பை வாங்கிப் பெரிய டயரும் போட்டிருந்தார். ஏறவில்லை, திணறுகிறது, மழைக்கு முன்னால் பல் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டார். அதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

முன்னுக்கு ஒரு ஜோடி, பின்னுக்கு ஒரு ஜோடி என்று வெளியூரிலிருந்து அவருக்குப் பல் வந்தது. இரண்டு பெட்டிகளின் மேலும் அவருடைய போன் நம்பரை எழுதி வைத்தவள் நான். பின் ஆக்ஸிலை அன்றைக்கே கட்டினேன். பல்லில் நீலச் சாயம் தடவி, சுற்றிப் பார்த்து, சாயம் பல்லின் நடுவில் அழிகிறதா ஓரத்தில் அழிகிறதா என்று கவனித்து, தாள் மாதிரி மெல்லிசான தகடுகளை ஒன்று வைத்து ஒன்று எடுத்து, ஆறு மணி நேர வேலை. மறுநாள் முன் ஆக்ஸில் என்று இருந்தேன்.

மறுநாள் காலை அந்த இரண்டாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டுக்காரர் தலைவரின் ஜீப்புக்கு அடியில் வைத்தார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். வெட்கமாக இல்லையா என்றேன். வாளிச் சேற்றைப் பூசிக்கொண்டு திரிகிற ஆளுக்காக, உயிருக்குப் போராடுகிறவளின் பல்லைப் பிடுங்குகிறாயே, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்றேன். வரிசையாகச் சொன்னேன், எனக்குச் சொல்ல வராததில்லை. அவர் கல்லுளிமங்கன் மாதிரி நின்று கேட்டுக்கொண்டார். தலைவரைப் பகைத்தால் சங்கத்து வண்டி ஒன்றுகூட இந்தப் பக்கம் வராது, வெள்ளிக்கிழமை இன்னொரு ஜோடி வருகிறது, அதைக் கண்ணாடிக்காரருக்குப் போட்டுவிடலாம், மழைக்கு இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் இன்னும் கொஞ்ச நேரம் தனியாகத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஸ்பேனரை எடுத்தேன்.

சனிக்கிழமை கண்ணாடிக்காரர் வண்டியை எடுக்க வந்தார். வெள்ளிக்கிழமை வந்தது, பல்தான் வரவில்லை. என் வீட்டுக்காரர் பானெட்டைத் தட்டிக்கொண்டே ஒரு பிரசங்கம் செய்தார். அதில் ஒன்று மட்டும் முக்கியம்.

"முன்னாடி பின்னாடி ரெண்டும் புதுப் பல் சார். ஆயிரம் கிலோமீட்டர் ஓடி அதுவா படியணும். அதுவரைக்கும் முன் கியரைத் தொடவே தொடாதீங்க."

பொய் சொல்வதில் மட்டும் இந்த மனுஷனுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. புதுப் பல்லை ஆரம்பத்தில் வருத்தக் கூடாது என்பது உண்மைதான். நான் சொல்லித்தான் அவருக்கே தெரியும். அந்த உண்மையை எடுத்து இப்படிக் காதில் பூ சுற்றுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடிக்காரர் சின்ன நோட்டை எடுத்து ஆயிரம் என்று எழுதிக்கொண்டார். எழுதி அடிக்கோடும் போட்டார்.

பிறகு அவர் தடுப்பைத் தாண்டி என்னிடமே வந்தார். ஊரே கிரவுன்காரர் கட்டுகிறார் என்று நம்பும்போது, அந்த ஆள் மட்டும் என் விரல் நகத்தில் இருந்த நீலச் சாயத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். அதோடு, பல்லைப் பார்க்கும்போது நான் கண்ணைச் சுருக்குவதையும் முதல் நாளே தடுப்பின் இடுக்கு வழியாகக் கவனித்தாராம். சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டினார். கிட்டத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கு, போட்டுப் பாருங்கள், சரியில்லையென்றால் மாற்றித் தருகிறேன் என்றார். போட்டேன். கைரேகை வரைக்கும் தெரிந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். அடுத்த வெள்ளிக்கிழமை கட்டாயம் வந்துவிடும், வந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியை வரவழைத்து மாட்டிவிடலாம், எதற்கு அவர் வயிற்றில் புளியைக் கரைப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

கண்காட்சியில் தலைவருக்குக் கோப்பை கிடைத்தது. என் வீட்டுக்காரருக்குப் பொன்னாடை. அதை மடித்து, பெயர்ப் பலகைக்கு மேலே கண்ணாடிப் பெட்டியில் மாட்டியிருக்கிறார். ஐந்து வெள்ளிக்கிழமைகள் போயின. ஒவ்வொரு வெள்ளியும் நான் கேட்பேன், ஒவ்வொரு வெள்ளியும் அவர் போனில் யாரையோ அதட்டுகிற மாதிரி பாவனை செய்வார். உண்மையில் ஆர்டரே போகவில்லை என்பது நாலாவது வெள்ளிக்கிழமை எனக்குத் தெரிந்தது. அன்றைக்கும் திட்டினேன். ஆர்டரை நானே போட்டேன். அது வழியில் இருந்தபோது மழை வந்துவிட்டது, மூன்று வாரம் முன்னாடியே.

இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குப் பட்டறைப் போன் அடித்தது. என் வீட்டுக்காரர் எடுத்தார். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். கண்ணாடிக்காரர். குன்றின் அடிவாரத்தில் நிற்கிறாராம். அக்காவுக்கு ரத்தம் சுத்தம் செய்கிறது ஒரு முறை தவறிவிட்டது, கால் வீங்கி மூச்சு வாங்குகிறது, இன்றைக்கு இறக்கியே ஆக வேண்டும். பின் சக்கரம் மட்டும் போட்டு ஏறிப் பார்த்தேன், முதல் வளைவிலேயே பின்னால் சறுக்குகிறது. அறுநூற்று நாற்பது கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, இப்போது முன் கியரைப் போடலாமா, பல்லுக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டார். அந்த நிலையிலும் பல்லுக்காகக் கவலைப்படுகிறார்.

"தாராளமா போடுங்க சார். நான் கட்டின பல்லு, ஒண்ணும் ஆகாது," என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு அந்தப் பாதை தெரியும். கீழே களிமண், நடுவில் இருநூறு அடி வெறும் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அந்தப் பாறையில் அந்த வண்டி இறுகி நின்றால் முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. மேலே ஏறும்போது நின்றால் அவர் மட்டும். இறங்கும்போது நின்றால் அவளும். போனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"போடாதீங்க. அங்கேயே நில்லுங்க. நாங்க வர்றோம்," என்றேன்.

தலைவரின் ஜீப் மெழுகு பூச வந்து முன்பக்கமே பளபளவென்று நின்றது. சாவியை எடுத்தேன். என் வீட்டுக்காரர் குறுக்கே வந்து நின்று, தலைவர் தோலை உரித்துவிடுவார், கீறல் விழும், வேண்டாம் என்று கெஞ்சினார். வண்டி நகர்ந்ததும் தொற்றி ஏறிக்கொண்டார். அதை விட்டுப் பிரிய அவருக்கு மனசில்லை. வழி நெடுக டாஷ்போர்டைக் கையால் துடைத்துக்கொண்டு வந்தார்.

அடிவாரத்தில் கண்ணாடிக்காரர் முழங்கால் வரை களிமண்ணோடு நின்றிருந்தார். ஏறச் சொன்னேன். ஏன் இந்த வண்டி என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினார். முன் கியரைப் போட்டு முதல் வளைவில் விட்டேன். நாலு சக்கரமும் ஒரே பேச்சாகப் பிடித்தன. நான் கட்டிய வேலை அது; முதல்முறையாக அது செய்ய வேண்டியதைச் செய்கிறது என்று, சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு ஒரு பெருமை வந்தது. பாறை தொடங்குகிற இடத்தில் கிரவுன்காரர் கதவைத் திறந்து குதித்துவிட்டார். கீழே நின்று வழி காட்டுகிறாராம். காட்ட அங்கே ஒரே ஒரு வழிதான் இருந்தது.

மேலே அக்கா ஒரு ஸ்டூலில் தயாராக உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. ஆடுகளைப் பட்டியில் அடைத்து இரண்டு நாளுக்குத் தழை போட்டிருந்தாள். அந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படிச் செய்தாளோ. முகம் உப்பி, கண் இரண்டும் கோடாக இருந்தன. இரண்டு பேருமாகத் தூக்கி முன் சீட்டில் வைத்தோம். ஊர்ந்துதான் இறங்கினேன். ஒரு சக்கரமும் வழுக்கவில்லை. கதவில் மட்டும் ஒரு பாறை முழ நீளத்துக்குக் கோடு போட்டது.

அடிவாரத்தில் என் வீட்டுக்காரர் எங்களுக்கு முன்னாலேயே வந்து, கண்ணாடிக்காரரின் ஜீப்பில் சாய்ந்துகொண்டு நின்றார். மார்புக்குக் குறுக்கே கை கட்டியிருந்தார்.

"பாத்தீங்களா சார், நம்ம பல்லு எப்படி இழுக்குதுன்னு," என்றார்.

கண்ணாடிக்காரர் இறங்கினார். தன் ஜீப்பைப் பார்த்தார், இந்த ஜீப்பைப் பார்த்தார். லென்ஸை ஊதித் துடைத்து வெளிச்சத்தில் பார்க்கிறவர் அவர். அவரிடம் எதுவும் அதிக நேரம் ஒளிந்திருக்க முடியாது.

"என் வண்டியில முன் கியரைப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார்.

"பாறையில மாட்டியிருக்கும். உங்க வண்டிக்கு முன்னாடி பல்லு மாத்தலை. உங்களுக்கு வந்த பல்லு இந்த வண்டியில இருக்கு," என்றேன். சொல்லும்போதே என் வீட்டுக்காரர் பக்கம் கையைக் காட்டினேன். இந்த ஆள்தான், சங்கத் தலைவருக்குப் பயந்து பெட்டியைத் தூக்கிக் கொடுத்தது, ஆயிரம் கிலோமீட்டர் கதையும் இவர் விட்டதுதான், ஆர்டர்கூடப் போடவில்லை என்று மொத்தத்தையும் கொட்டினேன். என் வீட்டுக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். எனக்கு நெஞ்சு லேசானது. பதினாறு வருஷமாக இதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது.

கண்ணாடிக்காரர் முழுவதையும் கேட்டார். இவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"இந்த வண்டியில அதை மாட்டினது யாரு?" என்றார்.

நீட்டிய கையை இறக்கினேன்.

"நான்தான்," என்றேன்.

அவர் தலையை ஒருமுறை ஆட்டினார். தன் வண்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். என் வீட்டுக்காரரை அங்கேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

முன் கியரை எடுத்துவிட்டேன், தார் ரோடு வந்துவிட்டது. பக்கத்தில் அக்கா மூச்சு இளைக்க இளைக்கப் பேசிக்கொண்டு வந்தாள். போன மழையில் கட்டிலில் கட்டித் தூக்கியபோது செத்துவிடலாம் போல இருந்ததாம். இன்றைக்கு ஒரு பொம்பளை வந்து பூ மாதிரி இறக்கிவிட்டாளே என்றாள். வீங்கிய கையை ஸ்டீரிங்கில் இருந்த என் கை மேல் வைத்தாள்.

"நீ நல்லா இருக்கணும்மா. உன் கைக்கு ஒரு குறையும் வரக் கூடாது," என்றாள்.

"அக்கா," என்றார் பின்னாலிருந்து தம்பி. கோபமான குரல் இல்லை, கடையில் பவர் நம்பர் சொல்கிற அதே குரல்தான். "கையை எடு. அவங்களுக்கு நன்றி சொல்லாத."

அவள் ஒன்றும் புரியாமல் அவரைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் பதினோரு கிலோமீட்டர் இருந்தது. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.